அணுயுகம் – 27: விளக்கு அணைந்தது, வால்வு மூடவில்லை

செர்னோபில் இரவைச் சென்ற இரண்டு இதழ்களில் மணிக்கணக்காகப் பார்த்தோம். இந்த இதழில் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது. பொத்தானை அழுத்தும் ஆபரேட்டருக்குப் பயிற்சி வேண்டும் என்பதை அணுமின் உலகம் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டது. அவருக்கு மேலே உட்கார்ந்து முடிவெடுக்கிறவருக்கும் பயிற்சி வேண்டும், அதையும் நாடுகள் சேர்ந்து தர வேண்டும் என்று ஒப்புக்கொள்ள நாற்பது ஆண்டுகள் ஆயின. அந்த நாற்பது ஆண்டின் கதை அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் தொடங்குகிறது.

1977 செப்டம்பர் 24. டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையம். புது உலை. முழுத் திறனில் நூற்றில் ஒன்பது பங்கு அளவுக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ கோளாறில் உலைக்குள் அழுத்தம் ஏறியது. அதைத் தணிப்பதற்கென்றே இருந்த வால்வு திறந்துகொண்டது. அதுவரை எல்லாம் முறைப்படிதான். ஆனால் திறந்த வால்வு திரும்ப மூடவில்லை. பிரஷர் குக்கரில் வெயிட் தூக்கி ஆவி போனபின் மறுபடி உட்காராமல் சிக்கிக்கொண்டால் எப்படியோ, அப்படி. உலையைக் குளிர்விக்க வேண்டிய தண்ணீர் அந்த வழியாக வெளியேறிக்கொண்டே இருந்தது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கோ நீர்மட்டக் கருவி மட்டம் ஏறுவதாகக் காட்டியது. தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று நினைத்து, தானாக ஓடத் தொடங்கிய அவசர நீர்ப் பம்புகளை அவர்களே நிறுத்தினார்கள். ஏறத்தாழ இருபது நிமிடம் கழித்து வால்வின் மீது சந்தேகம் விழுந்தது. அதற்கு முன்னால் இருந்த இன்னொரு வால்வை மூடினார்கள். உலை குறைந்த திறனில் ஓடியதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்த உலையை வடிவமைத்தது பாப்காக் அண்டு வில்காக்ஸ் நிறுவனம். நடந்ததை அலசிய அந்த நிறுவனப் பொறியாளர் பெர்ட் டன்னுக்கு வயிற்றில் புளி கரைந்தது. இதே கோளாறு முழுத் திறனில் ஓடும் உலையில் வந்து, ஆபரேட்டர்கள் இதே போலத் தண்ணீரை நிறுத்தினால் உலையின் உள்ளகமே அம்பலமாகிவிடும். எல்லா நிலையங்களுக்கும் தெளிவான அறிவுறுத்தல் அனுப்ப வேண்டும் என்று 1978 பிப்ரவரியில் அலுவலகக் குறிப்பு எழுதினார். அந்தக் குறிப்பு மேசை மேசையாகப் போனது. ஆபரேட்டர்கள் கைக்குப் போய்ச் சேரவே இல்லை.

டேவிஸ்-பெஸ்ஸி சம்பவம் நடந்து பதினெட்டு மாதம். 1979 மார்ச் 28, அதிகாலை 4 மணி. பென்சில்வேனியாவில் த்ரீ மைல் ஐலண்டு நிலையத்தின் இரண்டாம் உலை. அதே நிறுவனம் வடிவமைத்தது. அதே வகை வால்வு திறந்தது, மூடவில்லை. இங்கே ஒரு விளக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கட்டுப்பாட்டுப் பலகையில் அந்த வால்வுக்கென்று ஒரு சிறு விளக்கு இருந்தது. அது எரிந்தால் வால்வு திறந்திருக்கிறது, அணைந்தால் மூடிவிட்டது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அந்த விளக்குக்கு வால்வின் நிலை தெரியாது. மூடு என்று மின்கட்டளை போனதா என்பது மட்டும்தான் தெரியும். கட்டளை போனது, விளக்கு அணைந்தது. வால்வு அப்படியே வாய் திறந்து நின்றது, இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக. நூற்றுக்கு மேற்பட்ட அபாய மணிகள் ஒன்றாக அலறிய அறையில், பயிற்சி பெற்ற, கெட்டிக்காரர்களான, பெரும்பாலும் அணு நீர்மூழ்கிக் கப்பல்களில் பணியாற்றி வந்த மனிதர்கள் டேவிஸ்-பெஸ்ஸியில் செய்ததையே செய்தார்கள். அவசர நீரைக் குறைத்தார்கள். காலை ஆறு மணி வாக்கில் வேலைக்கு வந்த இன்னொரு மேற்பார்வையாளர்தான், புதுக் கண்ணோடு பார்த்து, முன்வால்வை மூடச் சொன்னார். அதற்குள் உலையின் உள்ளகத்தில் ஏறத்தாழ பாதி உருகிப்போயிருந்தது.

விபத்தை விசாரிக்க அதிபர் கார்ட்டர் பன்னிரண்டு பேர் கொண்ட ஆணையத்தை அமைத்தார். தலைவர் டார்ட்மத் கல்லூரித் தலைவரான கணித மேதை ஜான் கெமெனி. 1979 அக்டோபரில் வந்த அறிக்கையை இன்றைக்குப் படித்தாலும் அதன் நேர்மை வியப்பைத் தருகிறது. கருவிகளில் குறை இருந்தது என்கிறது. ஆனால் அதைவிட அழுத்தமாக, கருவி நன்றாக இருந்தால் போதும் என்று நம்பிவிட்ட மனப்போக்கைக் குற்றம் சொல்கிறது. ஆபரேட்டர்களை மட்டும் குறைசொல்லிவிட்டு அது நகரவில்லை. அவர்களுக்குப் பயிற்சி தந்த சிமுலேட்டரில் இப்படி ஒரு நிலைமையை உருவாக்கிக் காட்டவே முடியாது. ஓஹையோவில் நடந்ததை அவர்களுக்குச் சொல்லவும் இல்லை. சொல்லாதவர்கள் யார் என்று கேட்டால் விரல் மேலே மேலே போகிறது.

1979 டிசம்பரில் அமெரிக்க அணுமின் நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து அட்லாண்டாவில் ஓர் அமைப்பைத் தொடங்கின. சுருக்கமாக 'இன்போ' என்பார்கள். முதல் தலைவர் யூஜின் வில்கின்சன். உலகின் முதல் அணு நீர்மூழ்கிக் கப்பலான நாட்டிலஸின் முதல் கேப்டன். 1955 ஜனவரியில் அந்தக் கப்பல் அணுசக்தியில் ஓடத் தொடங்கிய செய்தியைக் கரைக்கு அனுப்பியவர் அவர்தான். போட்டி நிறுவனங்கள் ஒன்றின் வீட்டுக்குள் ஒன்று போய்ப் பார்க்கலாம், தப்பைச் சொல்லலாம், ஒரு நிலையத்தில் நடந்ததை எல்லா நிலையத்துக்கும் உடனே தெரிவிக்கலாம் என்பதுதான் ஏற்பாடு. ஆண்டுதோறும் நிறுவனத் தலைவர்களை ஒரே அறையில் உட்காரவைத்து, எந்த நிலையம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை எல்லோர் முன்னிலையிலும் சொல்வார்கள். அபராதத்தைவிட அந்த அறையின் வெட்கம் அதிகம் வேலை செய்தது என்பது என் எண்ணம்.

அந்த அமைப்பின் கை எவ்வளவு நீளம் என்பது 1987-88இல் தெரிந்தது. பென்சில்வேனியாவின் பீச் பாட்டம் நிலையத்தில் ஷிப்டில் இருந்த ஆபரேட்டர்கள் தூங்குவது தெரியவந்து, 1987 மார்ச் 31 அன்று அரசு ஒழுங்குமுறை அமைப்பு உலைகளை நிறுத்தச் சொன்னது. தூங்கியவர்களைத் தண்டித்துவிட்டுக் கோப்பை மூடியிருக்கலாம். இன்போ அப்படி விடவில்லை. தூக்கம் கட்டுப்பாட்டு அறையில் தொடங்கியதல்ல, நிறுவனத்தின் மேல்மாடியில் தொடங்கியது என்று நிறுவனத்தின் இயக்குநர் குழுவுக்கே கடுமையாக எழுதியது. அந்த நிறுவனத்தின் உச்சப் பதவியில் இருந்தவர்கள் விலக நேர்ந்தது. விபத்தே நடக்காத ஒரு நிலையத்துக்காகத் தலைமை மாறியது அணுமின் வரலாற்றில் சிறிய செய்தி அல்ல.

இதெல்லாம் அமெரிக்காவுக்குள். எல்லை தாண்டவில்லை.

எல்லையைத் தாண்டவைத்தது செர்னோபில். அந்த இரவின் விவரம் நமக்குத் தெரியும். ஆனால் நம் கதைக்கு வேண்டியது அதற்கு முந்தைய இரண்டு சம்பவங்கள். 1975 நவம்பரில், லெனின்கிராட் நிலையத்தின் முதல் உலையில், செர்னோபிலில் இருந்த அதே வகை உலையில், ஓர் எரிபொருள் குழாய் உருகியது. குறைந்த திறனில் இந்த உலை எப்படிக் கையை மீறும் என்பதற்கான அடையாளங்கள் அங்கேயே தெரிந்தன. 1983இல் லிதுவேனியாவின் இக்னலினாவில் புது உலையைச் சோதித்தபோது இன்னொன்று தெரிந்தது. உலையை அணைப்பதற்காக இறக்கும் தண்டுகள், சில நிலைமைகளில், இறங்கும் முதல் சில நொடிகளில் வினையைத் தணிப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிடும். பிரேக்கை மிதித்தால் வண்டி முதலில் முன்னே பாய்வது போல. வடிவமைப்பாளர்களுக்கு இது தெரியும். 1986 ஏப்ரல் 26 அதிகாலை 1:23க்கு அந்தப் பொத்தானை அழுத்திய செர்னோபில் ஷிப்டுக்குத் தெரியாது. அவர்கள் கையேட்டில் அது ஏறவில்லை.

ஓஹையோவிலிருந்து பென்சில்வேனியாவுக்குப் போகாத தகவல், லெனின்கிராடிலிருந்து செர்னோபிலுக்கும் போகவில்லை. ஒன்று தனியார் நிறுவனங்களின் நாடு, இன்னொன்று எல்லாம் அரசின் கையில் இருந்த நாடு. இரண்டிலும் தகவல் ஒரே மாதிரி இடத்தில்தான் நின்றது. கீழே வேலை செய்கிறவனிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று மேலே ஒருவர் தீர்மானிக்க வேண்டிய இடம் அது.

1986 ஆகஸ்டில் வியன்னாவில் சர்வதேச அணுசக்தி முகமையில் சோவியத் விஞ்ஞானி வலேரி லெகாசோவ் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பேசினார். சோவியத் யூனியனிடமிருந்து இவ்வளவு வெளிப்படையான பேச்சை அங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை. அப்படியும் உலையின் வடிவமைப்புக் குறைகளை அடக்கி, ஆபரேட்டர்களின் தவறுகளையே அதிகம் பேசினார். அந்தக் கூட்டத்தை ஒட்டி முகமையின் நிபுணர் குழு எழுதிய அறிக்கையில்தான் 'பாதுகாப்புப் பண்பாடு' என்ற சொல் முதன்முதலாக வந்தது. 1991இல் அதற்கென்றே தனி வெளியீடு வந்தது. 1992இல் அதே குழு தன் பழைய அறிக்கையைத் திருத்தி, ஆபரேட்டர்கள் மேல் வைத்த பழியைக் குறைத்து, வடிவமைப்பின் மேலும் அதை மூடிவைத்த அமைப்பின் மேலும் வைத்தது. ஒரு சர்வதேசக் குழு ஆறு ஆண்டு கழித்துத் தன் தீர்ப்பையே திருத்தி வெளியிட்டதை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் லெகாசோவ் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1988 ஏப்ரலில், விபத்தின் இரண்டாம் ஆண்டு நிறைவுக்கு மறுநாள், தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

முகமை என்பது அரசுகளின் அமைப்பு. அரசு அதிகாரிகள் அரசு அதிகாரிகளோடு பேசுவார்கள். நிலையத்தை நடத்துகிறவன் நிலையத்தை நடத்துகிறவனோடு பேச இடம் இல்லை. அந்த இடத்தை உண்டாக்கியவர் பிரிட்டனின் மத்திய மின் உற்பத்தி வாரியத் தலைவர் வால்டர் மார்ஷல். வேல்ஸ் நாட்டுக்காரர், இயற்பியலாளர், பிரபுப் பட்டம் பெற்றவர். 1987 அக்டோபரில் பாரிசில் உலகின் அணுமின் நிறுவனத் தலைவர்களைக் கூட்டினார். கிழக்கும் மேற்கும் ஒரே மேசையில் உட்கார்ந்தன. அதன் விளைவாக 1989 மே 15 அன்று மாஸ்கோவில் உலக அணுமின் நிலைய இயக்குநர்கள் சங்கம் பிறந்தது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'வானோ' என்கிறார்கள். மார்ஷலே முதல் தலைவர். அந்த மே மாதத்தில் பெர்லின் சுவர் இன்னும் நின்றுகொண்டிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். இரண்டு முகாம்களும் ஒன்றன் மேல் ஒன்று ஏவுகணையைக் குறிவைத்திருந்த நேரத்தில், இரண்டு முகாம்களின் அணுமின் நிலையங்களும் தங்கள் தவறுகளை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ள ஒப்புக்கொண்டன. அட்லாண்டா, பாரிஸ், மாஸ்கோ, டோக்கியோ என்று நான்கு வட்டார மையங்கள், லண்டனில் ஒருங்கிணைப்பு. நம் இந்திய அணுமின் கழகம் டோக்கியோ மையத்தோடு சேர்ந்துகொண்டது.

வானோவின் முதுகெலும்பு 'பியர் ரிவ்யூ' என்னும் சக ஆய்வு. வெவ்வேறு நாட்டு நிலையங்களிலிருந்து அனுபவசாலிகள் ஒரு குழுவாக வந்து, சில வாரம் ஒரு நிலையத்தில் தங்கிப் பார்க்கிறார்கள். அவர்கள் தணிக்கை அதிகாரிகள் இல்லை. தங்கள் ஊரில் அதே வேலையைச் செய்கிறவர்கள். அதனால் அவர்கள் கண்ணில் படுவது வேறு. ஒரு ஷிப்டு இன்னொரு ஷிப்டிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது உண்மையில் பேசிக்கொள்கிறதா, இல்லை கையெழுத்து மட்டும் போடுகிறதா? ஓர் ஆபரேட்டருக்குக் கட்டளை போனால் அவர் அதைத் திரும்பச் சொல்கிறாரா? "நாலாம் நம்பர் பம்பை நிறுத்து." "நாலாம் நம்பர் பம்பை நிறுத்துகிறேன்." "சரி, அதுதான்." மூன்று வாக்கியம். பார்த்தால் பள்ளிக்கூட விளையாட்டு போல இருக்கும். மூன்றாம் நம்பர் பம்பு நின்றுபோன நிலையங்களின் அனுபவத்திலிருந்து வந்த பழக்கம் அது. ஆய்வு முடிந்ததும் குழுத் தலைவர் நிலையத்தின் மேல்மட்டத்தாரைச் சந்தித்துக் கண்டதைச் சொல்வார். அறிக்கை வெளியே வராது. இந்த ரகசியம் பற்றிக் குறை சொல்கிறவர்கள் உண்டு. அந்தக் குறையில் நியாயமும் இருக்கிறது, ஏனென்றால் நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவருக்கும் அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. ஆனால் பத்திரிகையில் வரும் என்றால் எந்த நிலையமும் தன் புண்ணைத் திறந்து காட்டாது என்கிற வானோவின் பதிலையும் எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும், 2002 மார்ச்சில் ஒரு பழைய பெயர் மறுபடி வந்தது. டேவிஸ்-பெஸ்ஸி. அதே ஏரிக்கரை, அதே உலை. உலை மூடியின் ஒரு குழாயைப் பழுதுபார்க்கும்போது, அசையவே கூடாத அந்தக் குழாய் சாய்ந்தது. என்ன என்று பார்த்தால், தண்ணீரில் கலந்திருந்த போரிக் அமிலம் நுண்ணிய விரிசல் வழியே ஆண்டுக்கணக்கில் கசிந்து, ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் கனமுள்ள எஃகு மூடியை ஓரிடத்தில் முழுதுமாக அரித்துத் தின்றிருந்தது. மிச்சம் இருந்தது உட்பக்கம் ஒட்டியிருந்த துருப்பிடிக்காத எஃகுத் தகடு. ஒரு சென்டிமீட்டர் கூட இல்லை. அந்த மெல்லிய தகடுதான் உலையின் முழு அழுத்தத்தையும் தாங்கி நின்றது.

யாருக்கும் தெரியாமல் நடந்ததா என்றால், இல்லை. 2000 ஏப்ரலில் உலையை நிறுத்திச் சோதித்தபோது எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கிறது. மூடியின் ஓரத்துளைகளிலிருந்து செங்கல் நிறத்தில் துருக்கலந்த அமிலம் வழிந்து உறைந்திருக்கும். கட்டடத்துக்குள் இருந்த காற்று வடிகட்டிகள் துருத்தூளால் அடைத்து, மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதை ஒன்றிரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றினார்கள். அடைத்தால் மாற்று, அவ்வளவுதான். ஏன் அடைக்கிறது என்று கேட்டவர்களின் குரல் ஏறவில்லை. உலை ஓடினால் வருமானம், நின்றால் நட்டம் என்ற கணக்கு அந்த அலுவலகத்தின் காற்றிலேயே இருந்தது. இரண்டு ஆண்டு மூடிக் கிடந்து 2004 மார்ச்சில்தான் அது மறுபடி ஓடியது. அதே ஆண்டு நவம்பரில் இன்போ பாதுகாப்புப் பண்பாட்டுக்கான கோட்பாடுகளை எழுதியது. வானோ அதை உலகெங்கும் கொண்டுபோனது. அந்தக் கோட்பாடுகள் முக்கியமாகச் சொன்னவற்றில் ஒன்று, தலைவர்கள் தாங்கள் சொல்வதைத் தாங்களே செய்துகாட்ட வேண்டும் என்பது. மறு ஆண்டே, 2005 கோடையில், உலக அணுசக்திப் பல்கலைக்கழகம் அமெரிக்காவின் ஐடஹோ ஃபால்ஸில் தன் முதல் கோடைக்கால முகாமை நடத்தியது. பல நாட்டு இளம் பொறியாளர்களை ஆறு வாரம் ஒன்றாக வைத்து, நாளைக்குத் தலைமைக்கு வரப்போகிறவர்களாக அவர்களைப் பழக்கும் முயற்சி.

இங்கே நம் ஊர் வருகிறது. 2004 டிசம்பர் 26 காலை. கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டாம் உலை ஓடிக்கொண்டிருந்தது. முதல் உலை பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. கடல்நீர் உள்ளே வரும் சுரங்கப்பாதை வழியாகச் சுனாமி பம்பு அறைக்குள் ஏறி, பம்புகளை மூழ்கடித்தது. உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது, குளிர்விக்கும் வேலை வேறு வழியில் தொடர்ந்தது, ஒரு வாரத்தில் உலை மறுபடி ஓடியது. குடியிருப்புப் பகுதியில் போன உயிர்கள் மட்டும் திரும்பவில்லை. இந்த அனுபவம் மூடிவைக்கப்படவில்லை. 2005 ஆகஸ்ட் இறுதியில் சர்வதேச அணுசக்தி முகமை கல்பாக்கத்திலேயே, வெளியிலிருந்து வரும் வெள்ளத்தால் அணுமின் நிலையங்களுக்கு ஏற்படும் ஆபத்து பற்றிப் பல நாட்டு நிபுணர்களைக் கூட்டிப் பேசவைத்தது. இப்படித்தான் நடக்க வேண்டும். ஓஹையோவுக்கும் லெனின்கிராடுக்கும் கிடைக்காத மரியாதை கல்பாக்கத்துக்குக் கிடைத்தது.

செய்தி ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்ததும் உண்மை. கல்பாக்கத்தைப் பார்த்துத்தான் 2006 ஜனவரியில் ஜப்பானிய ஒழுங்குமுறை அமைப்பு வெள்ளம் பற்றிய ஆய்வுக் குழுவை அமைத்தது. அந்த ஆண்டு மே மாதமே விடை வந்துவிட்டது: நிலையத்தின் தரைமட்டத்தைத் தாண்டும் சுனாமி வந்தால் ஃபுகுஷிமா டாயிச்சியில் மின்சாரம் முழுதும் போகலாம். 2008இல் மின் நிறுவனமான டெப்கோவின் உள்கணக்கு இன்னும் கூர்மையாகச் சொன்னது: சுனாமி 15.7 மீட்டர் வரை எழலாம். முக்கிய உலைகள் நின்ற தரையோ 10 மீட்டர் உயரத்தில் இருந்தது. மேலிடம் அந்தக் கணக்கை மேலும் ஆராயச் சொல்லி அனுப்பிவைத்தது. சுவர் எழவில்லை, டீசல் ஜெனரேட்டர்கள் மேட்டுக்கு ஏறவில்லை.

இந்த இடத்தில் என்னால் எளிதாகத் தாண்டிப் போக முடிவதில்லை. இதற்கு முன் இரண்டு தடவை தகவல் வராமல் விபத்து நடந்தது. மூன்றாம் தடவை தகவல் வங்காள விரிகுடாவிலிருந்து பசிபிக் கரை வரை போய், மேசை மேல் விரிக்கப்பட்டு, படித்தும் முடிக்கப்பட்டது. 2011 மார்ச் 11 வந்தது.

விபத்துக்குப் பின் உலகம் வேகமாக நகர்ந்தது. அந்த அக்டோபரில் ஷென்ஜெனில் கூடிய வானோ, சக ஆய்வைச் சுருங்கிய இடைவெளியில் நடத்தவும் நிறுவனங்களின் தலைமை அலுவலகங்களையும் அதில் சேர்க்கவும் முடிவெடுத்தது. 2012 ஜூலையில் ஜப்பான் நாடாளுமன்றத்தின் சுயேச்சை விசாரணை ஆணையம், கியோஷி குரோகாவா தலைமையில், இது மனிதன் உண்டாக்கிய பேரழிவு என்று எழுதியது. சர்வதேச அணுசக்தி முகமை 2006இல் வெளியிட்ட தரநூலின் தலைப்பில் 'மேலாண்மை' இருந்தது. 2016இல் அதற்குப் பதிலாக வந்த நூலின் தலைப்பிலேயே 'தலைமை' என்ற சொல் முன்னால் வந்து நின்றது. ஒரு சொல் முன்னே வருவதற்கு மூன்று விபத்துகள் தேவைப்பட்டிருக்கின்றன. 2017 இலையுதிர் காலத்தில் பிரான்சின் நீஸ் நகரப் பல்கலைக்கழகத்தில், பாதுகாப்புக்கான தலைமைப் பயிற்சிப் பள்ளியின் முதல் வகுப்பை முகமை நடத்தியது. இரண்டு வாரம். பணிவாழ்வின் முதல் பாதியில் இருப்பவர்களுக்கு. மின் நிலையத்தில் இருந்து வருகிறவரும் ஒழுங்குமுறை அமைப்பில் இருந்து வருகிறவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, நடந்த சம்பவங்களை எடுத்துவைத்துக்கொண்டு, அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பேசுகிறார்கள். பிறகு அந்தப் பள்ளி நாடு நாடாகப் போயிற்று.

தலைமை பற்றிப் பேசுகிறவர்கள் ஃபுகுஷிமாவில் இரண்டு நிலையங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். டாயிச்சியின் தலைவர் மசாவோ யோஷிடா. 2008இல் அந்தக் கணக்கு வந்தபோது சம்பந்தப்பட்ட துறையின் பொறுப்பில் இருந்தவரும் அவர்தான். அதை மறைத்து அவரைத் தெய்வமாக்குவது தவறு, அதை மட்டும் சொல்லி நிறுத்துவதும் தவறு. மார்ச் 12 அன்று உருகும் உலைக்குள் கடல்நீர் பாய்ச்சத் தொடங்கியபின், நிறுத்தச் சொல்லி மேலே இருந்து வற்புறுத்தல் வந்தது. யோஷிடா பொறுப்பாளரை அருகில் அழைத்து, நான் நிறுத்து என்பேன், நீ நிறுத்தாதே என்று மெதுவாகச் சொன்னார். பிறகு டோக்கியோவுக்குக் கேட்கும்படி உரக்க, நிறுத்து என்றார். தண்ணீர் பாய்ந்துகொண்டே இருந்தது. 2013 ஜூலையில், 58 வயதில், புற்றுநோயால் இறந்தார்.

ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தெற்கே டாயினி. நான்கு உலைகளும் ஓடிக்கொண்டிருந்தபோது நிலநடுக்கம், பிறகு சுனாமி. வெளி மின்சாரக் கம்பிகளில் ஒன்று மட்டும் உயிரோடு இருந்தது. அது பெரிய அதிர்ஷ்டம், டாயிச்சிக்கு அது இல்லை. ஆனால் மூன்று உலைகளைக் குளிர்விக்கும் கடற்கரைப் பம்புகள் செத்துப்போயிருந்தன. தலைவர் நவோஹிரோ மசுதா, அந்த நிலையத்திலேயே நீண்ட காலம் வேலை செய்தவர். வெளியே போய்ச் சேதத்தைப் பார்த்து வர ஆட்கள் வேண்டும். நிலம் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது, கடல் மறுபடி வரலாம் என்று எல்லோருக்கும் பயம். மசுதா, போங்கள் என்று உத்தரவிடவில்லை. ஒரு வெள்ளைப் பலகை முன்னால் போய் நின்றார். அதிர்வுகள் வந்த நேரத்தையும் அளவையும் எழுதத் தொடங்கினார். எண்கள் கீழே கீழே இறங்குவதை எல்லோரும் தங்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். அதன் பிறகுதான் யார் யார் எங்கே போவது என்று கேட்டார். போனார்கள்.

அடுத்து மின்கம்பி. சேதமாகாத இடத்திலிருந்து பம்புகளுக்குத் தற்காலிகக் கம்பி இழுத்தாக வேண்டும், மொத்தம் 9 கிலோமீட்டர். ஒவ்வொரு 200 மீட்டர்த் துண்டும் ஏறத்தாழ ஒரு டன் எடை. வழக்கமாக எந்திரங்களை வைத்துச் செய்யும் வேலை. இருநூறு பேர் தோளில் தூக்கினார்கள். இடிபாடுகளுக்கு நடுவே, இரவு பகலாக. பாதி வேலையில் மசுதாவின் கணக்கு தப்பானது தெரிந்தது. முதலில் காப்பாற்ற வேண்டியது இரண்டாம் உலை என்று நினைத்திருந்தார், ஆனால் அழுத்தம் வேகமாக ஏறியது முதல் உலையில். சுற்றிலும் அவர்களின் வீடுகள் போயிருந்தன, சிலர் குடும்பத்தோடு இன்னும் பேசவே இல்லை. அவர்களிடம் போய், இழுத்த வரிசை தவறு, மாற்ற வேண்டும் என்றார். மறுபடி தூக்கினார்கள். மார்ச் 15 காலை, டாயினியின் நான்கு உலைகளும் குளிர்ந்து நின்றன.

(தொடரும்)